மூன்றாவது மூச்சு

ஜனவரி 11

அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். ரூம் கிடைத்துவிட்டது. வயிறு சரியாக இருக்கிறது. இந்த மூன்றையும் நீ எப்படியும் கேட்பாய் என்பதால் முதலிலேயே சொல்லி முடித்துவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்? டிசம்பரில் உன்னைப் பார்க்க வந்தபோது இருமிக்கொண்டிருந்தாயே, விட்டதா?

போனில் கேட்டிருப்பேன். உங்கள் ஹாஸ்டலில்தான் செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்களே. வார்டன் மேஜையில் இருக்கும் அந்த ஒற்றை போனில் கூப்பிட்டால், நீ பேசுவதைவிட அந்த அம்மா மூச்சு விடுவதுதான் எனக்கு அதிகம் கேட்கிறது. ஆகவே கடிதம்.

புது வேலையைச் சொல்கிறேன். டி.பி. கிளினிக்கில் லேப் டெக்னீஷியன் என்றதும் ஏதோ பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு சிங்க், ஒரு ஸ்பிரிட் விளக்கு, சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக நோயாளியிடம் மூடி போட்ட பிளாஸ்டிக் கப் ஒன்றைக் கொடுப்பேன். அவர் நெஞ்சிலிருந்து இருமிச் சளியை எடுத்து அதில் துப்பிக் கொண்டுவர வேண்டும். அதை ஸ்லைடில் தேய்த்து, சாயம் ஏற்றிப் பார்த்தால், நீலத்துக்கு நடுவே கிருமி சிவப்புக் குச்சி குச்சியாகத் தெரியும். இவ்வளவுதான் விஷயம். பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

இவர்களுக்குப் புரியவில்லை. இன்று வந்த இருபது கப்பில் பதினொன்றில் எச்சில். சுத்தமான, நுரை பொங்கும் எச்சில். தபால்தலை ஒட்டத்தான் லாயக்கு. ஒரு ஆள் கப்பை நீட்டினார்.

"என்ன இது?"

"நீங்க கேட்டதுதான் சார்."

"நான் கேட்டது சளி. இது எச்சில்."

"எல்லாம் ஒரே வாயிலேர்ந்துதானே சார் வருது?"

பின்னால் நின்ற வரிசையே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நாளை முதல் எச்சில் கப் வந்தால் ஸ்லைடே போடப்போவதில்லை. திருப்பித் தள்ளிவிடுவேன். நாலு தடவை அலைந்தால் தானாகப் புத்தி வரும்.

இருமலைப் பற்றி மறக்காமல் எழுது.

தம்பி


ஜனவரி 24

டேய் பூதக்கண்ணாடி,

நான் நல்லா இருக்கேன். சாப்பிடறேன், தூங்கறேன், காலர் தைக்கறேன். நீதான் வயிறு சரியா இருக்குன்னு ஒரு வரியில முடிச்சுட்டே. என்ன சாப்பிடறே, யார் சமைக்கறாங்க, ரூம்ல வெளிச்சம் வருதா, ஒண்ணும் இல்லை. சளியைப் பத்தி மட்டும் ஒரு பக்கம்! மத்தவங்க வீட்டுத் தம்பியெல்லாம் பூ பூத்துது, மழை பெஞ்சுதுன்னு எழுதறாங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி படிச்சது என் தப்பு.

நீ கோபப்பட்டா உன் மூக்கு நுனி சிவந்துடும். அஞ்சு வயசுல எறும்பு மேல பூதக்கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு, அது நகர்ந்துட்டா எறும்பைத் திட்டுவியே, அப்பவும் இப்படித்தான். வரிசையில நின்னவங்க அந்த மூக்கைப் பார்த்துத்தான் சிரிச்சிருப்பாங்க. பாவம்டா, திட்டாதே.

இங்க ஒரு விசேஷம். எங்க கார்மென்ட் கம்பெனியில, நாங்க தைக்கற லைனுக்கு ஏப்ரல்ல புது சூப்பர்வைசர் போடப் போறாங்களாம். பட்டியல்ல என் பேரும் இருக்கு. பதினாலு வருஷமா குனிஞ்சே இருந்த கழுத்து, இனிமே நிமிர்ந்து நடக்கலாம்.

ஹாஸ்டல் சாப்பாடு வழக்கம்போலத்தான். என் சட்டை நாலையும் ரெண்டு பக்கமும் அரை அங்குலம் பிடிச்சுத் தைச்சுட்டேன். இப்ப பார்த்தா கல்லூரிப் பொண்ணு மாதிரி இருக்கேன்னு மேல் கட்டில்காரி சொல்றா. அவ புதுசா வந்திருக்கா, பத்தொன்பது வயசு. தூக்கத்துல சிரிப்பா.

ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். எச்சில் எச்சில்னு குதிக்கறியே, அதைச் சோதிச்சா என்னதான் தெரியும்?

உடம்பைப் பார்த்துக்கோ. கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவு.

அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். எதிர் வீட்டு அம்மா டப்பாவில் போட்டுக் கொடுக்கிறார். ரூமில் வெளிச்சம் வருகிறது. பூ எதுவும் பூக்கவில்லை. போதுமா?

சூப்பர்வைசர் விஷயம் கேட்டு உண்மையிலேயே சந்தோஷம். அவர்களுக்கு இப்போதுதான் கண் தெரிந்திருக்கிறது.

உன் கேள்விக்குப் பதில்: எச்சிலில் ஒரு மண்ணும் தெரியாது. மைக்ரோஸ்கோப்பில் வாய்த்தோலின் செல்கள் மட்டும் அகல அகலமாகப் படுத்திருக்கும். கிருமி இருப்பது நெஞ்சுக்குள்ளே. நுரையீரல் முழுக்க டி.பி. இருப்பவன்கூட எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு நெகட்டிவ் என்று சீட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம். நான் திருப்பித் தள்ளுகிறேன். மற்ற லேப்புகளில் யார் கவனிக்கிறார்கள்? வந்ததைத் தேய்த்து, நெகட்டிவ் போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். டி.பி.யை மறைக்க வேண்டும் என்று ஒருவன் நினைத்தால் இதைவிடச் சுலபமான வழி உலகத்தில் கிடையாது. நல்ல வேளை, யாருக்கும் இது தெரியாது.

நீ சாமர்த்தியசாலி என்று நினைப்பா? இருமலைப் பற்றி நான் கேட்டேன், நீ எறும்பைப் பற்றி எழுதியிருக்கிறாய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளி கொடுத்துப் பார்க்க வேண்டும். இது சட்டம். உனக்கு இரண்டு மாதம் ஆகிறது. உங்கள் ஊர் கிளினிக்குக்குப் போய்க் கொடுத்துவிட்டு எனக்கு எழுது.

தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

நான் நல்லா இருக்கேன், நீயும் அப்படியே இருக்கணும்.

உன் சட்டத்தை நிறைவேத்தியாச்சு. வார்டனும் அதையேதான் சொன்னாங்க. இருமறவங்க எல்லாரும் கிளினிக்ல சீட்டு வாங்கிட்டு வரணுமாம், இல்லேன்னா கட்டிலைக் காலி பண்ணணுமாம். போன வாரம் போய் ரெண்டு கப் கொடுத்தேன். ரெண்டும் நெகட்டிவ். சீட்டு வார்டன் ஃபைல்ல இருக்கு. துணித் தூசியா இருக்கும்னு சொல்லிட்டாங்க.

மேல் கட்டில்காரி எனக்கு வெந்நீர் போட்டுத் தர்றா. நல்ல பொண்ணு. அவளுக்கு எம்ப்ராய்டரி சொல்லித் தர்றேன். ஒரே கட்டில்ல உட்கார்ந்து ஒரே துணியை ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டுத் தைக்கறோம்.

சட்டையெல்லாம் மறுபடி அரை அங்குலம் பிடிக்க வேண்டியிருந்துது. போன தடவை ஒழுங்கா அளவெடுக்கலை போல.

வேற என்ன? நீ டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுக்கறியா, அப்படியே கொடுக்கறியா?

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

கழுவித்தான் கொடுக்கிறேன்.

ஒரு பெரிய கல் இறங்கிய மாதிரி இருக்கிறது. நெகட்டிவ் என்றால் நெகட்டிவ்தான், இனி யோசிக்காதே. தூசிக்கு மூக்கை மூடிக்கொண்டு தை.

என் பக்கமும் நல்ல செய்தி. திருப்பித் தள்ளும் வைத்தியம் பிரமாதமாக வேலை செய்கிறது. ஜனவரியில் இருபதுக்குப் பதினொன்று எச்சில். இப்போது இருபதுக்கு இரண்டு! அதுவும் எப்படிப்பட்ட சளி தெரியுமா, கெட்டியாக, மஞ்சளாக, புத்தகத்தில் படம் போடுகிற மாதிரி. பாசிட்டிவும் கூடியிருக்கிறது. ஒளிந்துகொண்டிருந்த நோயாளிகளையெல்லாம் நான்தான் பிடிக்கிறேன் என்று டாக்டர் மீட்டிங்கில் சொன்னார். நர்ஸம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறாமை.

நேரமில்லை. ஸ்லைடுகள் காத்திருக்கின்றன.

தம்பி


மார்ச் 29

அக்காவுக்கு,

நீ நலமா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. வேலை அதிகம் போலிருக்கிறது.

நான் நலம், ஆனால் மானம் போய்விட்டது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

முடி வெட்டுகிற ஒருவரை மூன்று முறை எச்சில் என்று திருப்பி அனுப்பியிருந்தேன். நாலாவது முறை அற்புதமான கப் கொண்டுவந்தார். பாசிட்டிவ். ஆறு மாத மாத்திரைக்கு டாக்டர் சீட்டு எழுதப்போகும் நேரத்தில், தற்செயலாக அவர் கப்பையும் சிமெண்ட் லாரி ஓட்டுகிற ஒருவரின் கப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஒரே சாம்பல் பொடி. இரண்டிலும் துருப்பிடித்த மாதிரி ஒரே ரத்தக் கோடு. ஜன்னலுக்குக் கூப்பிட்டேன்.

"இது உங்க சளியா?"

"இல்ல சார். டிரைவர் அண்ணனோடது."

"ஏன்யா?"

"உங்களுக்கு நல்ல சளிதானே வேணும்? எனக்கு வரலை. அண்ணன்கிட்ட நிறைய இருக்கு."

டிரைவர் பெஞ்சிலிருந்து எழுந்தே வந்தார். "பாவம் சார், கடையைப் பூட்டிட்டு நாலு வாட்டி அலையறாரு. கொஞ்சம் கொடுத்தேன். இவருக்கு மட்டுமில்ல, அஞ்சு பேருக்குக் கொடுத்திருக்கேன்" என்றார். அன்னதானம் செய்த மாதிரி அவ்வளவு பெருமை முகத்தில்!

ஐந்து பேரையும் திரும்பக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறேன். நான் பிடித்த நோயாளிகள் எல்லாம் ஒரே ஆளின் நெஞ்சிலிருந்து வந்தவர்கள். நர்ஸம்மா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "அந்த ஜன்னலை விட்டு என்னிக்காவது வெளிய வந்து பார்த்திருக்கீங்களா?"

போய்ப் பார்த்தேன். சளி எடுக்கிற இடம் மாடிப்படிக்குக் கீழே. ஒரு பக்கம் கக்கூஸ் கதவு, ஒரு பக்கம் தரை துடைக்கிற வாளி. காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. எதிரே மூன்றடியில் மருந்து வாங்கும் வரிசை. இருபது பேர் முகத்துக்கு எதிரே நின்று, அடிவயிற்றிலிருந்து இருமிக் கப்பில் துப்ப வேண்டும். நானே நின்று பார்த்தேன், அக்கா. எனக்கும் எச்சில்தான் வந்தது.

எழுது.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

நான் நல்லாத்தான் இருக்கேன். தாமதத்துக்குக் கோவிச்சுக்காதே.

டிரைவர் அண்ணன் கதையை மேல் கட்டில்காரிக்குப் படிச்சுக் காட்டினேன். ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சு, அப்புறம் ரெண்டு பேரும் இருமி, பக்கத்து ரூம்காரங்க சுவத்தைத் தட்டிட்டாங்க.

சூப்பர்வைசர் நான்தான். போன திங்கள்கிழமையிலேர்ந்து. நாள் பூரா நடக்கணும், மாடி ஏறணும். பாதிப் படியில நின்னு, ஏதோ யோசிக்கற மாதிரி கையில இருக்கற பேப்பரைப் பார்க்கறேன். அப்புறம் ஏறறேன். சூப்பர்வைசர்னா யோசிக்கணும் இல்லையா.

புதுப் பதவிக்குச் சட்டையெல்லாம் மறுபடி அரை அங்குலம் பிடிச்சுத் தைச்சுப் போட்டுக்கிட்டேன்.

நீ எழுதினதுல அந்தக் கடைசி வரி நல்லா இருந்துது. உனக்கும் எச்சில்தான் வந்துதுன்னு.

அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

நலம் விசாரிப்பைக் கடைசியில் வைத்திருக்கிறேன். இந்த முறை அது நீளம்.

சளி எடுக்கிற இடத்தை மாற்றிவிட்டேன். கட்டடத்துக்குப் பின்னால், சைக்கிள் ஸ்டாண்டுக்கும் மதிலுக்கும் நடுவே வெட்டவெளி. ஸ்டோரில் கிடந்த பழைய கதவு ஒன்றை மறைப்பாக நிறுத்தினேன். ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு சோப்பு. முதலில் நானே காலிக் கப்பைப் பிடித்துக்கொண்டு எப்படி மூச்சை இழுப்பது, எப்படி இருமுவது என்று ஒவ்வொருவருக்கும் செய்து காட்டுகிறேன். "இதுக்கு டிக்கெட் போட்டு வசூல் பண்ணலாம்" என்று நர்ஸம்மா கேலி செய்கிறார். செய்யட்டும். பிறகு அவர்களைத் தனியாக விட்டு விலகி வந்துவிடுவேன். இருபதுக்கு நாலுதான் எச்சில், இரவல் இல்லாமல். முடி வெட்டுகிறவருக்கு நெகட்டிவ், அவருடைய சொந்தச் சளியிலேயே.

அந்த நாலில் இரண்டு கப் ஒரு டீச்சருடையது. இரண்டு நாளும் எச்சில்.

"டீச்சர், எப்படின்னு காட்டினேனே?"

"பார்த்தேன். நல்லாவே புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் இப்படி?"

"புரிஞ்சுதான் துப்பினேன்" என்றார். "நீங்க அந்தச் சிவப்புக் குச்சியைப் பார்த்துட்டா உங்க வேலை அதோட முடிஞ்சுது. எனக்கு அங்கதான் ஆரம்பிக்கும். ஸ்கூல்ல, வீட்டுல, தெருவுல. எனக்கு வேண்டியது நெகட்டிவ்னு ஒரு சீட்டு."

திட்ட வாயே வரவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தேன். சாயம் ஏற்றிய ஸ்லைடு காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு உன் ஞாபகம் வந்தது.

ரூமுக்குப் போய் உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்தேன். எச்சிலில் என்ன தெரியும் என்று ஜனவரியில் கேட்டிருக்கிறாய். பிப்ரவரி இரண்டாம் தேதி நான் வழி சொல்லிக் கொடுத்திருக்கிறேன், ஒரு வரி விடாமல், எந்த லேப்பில் செல்லும் என்பது உட்பட. பிப்ரவரி கடைசியில் உனக்கு நெகட்டிவ். ஜனவரியில் அரை அங்குலம், பிப்ரவரியில் அரை அங்குலம், ஏப்ரலில் அரை அங்குலம். அளவெடுப்பதில் நீ தப்பு செய்து நான் பார்த்ததே இல்லை. பாதிப் படியில் பேப்பரைப் பார்க்கிறாய். நான் இதையெல்லாம் படித்துவிட்டு டப்பாவைப் பற்றிப் பதில் எழுதியிருக்கிறேன். மைக்ரோஸ்கோப்பில் ஒரு ஸ்லைடுக்கு நூறு இடம் பார்க்காமல் முடிவு எழுத மாட்டேன். உன் கடிதத்தில் ஒரு இடம்கூடப் பார்க்கவில்லை.

ஒரே கேள்வி. பிப்ரவரியில் அந்தக் கப்பில் என்ன கொடுத்தாய்?

தம்பி


மே 1

அக்காவுக்கு,

பதில் இல்லை. வார்டன் போனுக்கு இரண்டு முறை கூப்பிட்டேன். "சூப்பர்வைசர் நல்லா இருக்காங்க" என்று வைத்துவிட்டார்கள். என்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது நீ, நானில்லை.

லீவு கேட்டிருக்கிறேன். இங்கே நான் ஒருவன்தான் டெக்னீஷியன் என்பதால் மாற்று ஆள் வர மே பதினாறு ஆகும். அன்றைக்கே ரயில் ஏறினாலும் ஒன்றரை நாள். அதுவரை நீ காத்திருக்கக் கூடாது.

நான் உனக்குப் பாதிப் பாடம்தான் சொல்லிக் கொடுத்தேன். மீதியை இப்போது எழுதுகிறேன். நிதானமாகப் படி.

காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால். வெறும் தண்ணீரில் வாயை நன்றாகக் கொப்பளி. திறந்தவெளிக்குப் போ, பக்கத்தில் யாரும் வேண்டாம். யாரும் உன்னைப் பார்க்காத இடமாக இருக்கட்டும். கப்பின் மூடியைத் திற. வயிறு உப்பும் அளவுக்கு மூச்சை இழுத்துக் கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக விடு. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது மூச்சில் நிறுத்தாதே, அடியிலிருந்து இருமு. தொண்டையைச் செருமுவது போதாது, நெஞ்சு கிடுகிடுக்க வேண்டும். வருவதை உதட்டோரமாகக் கப்பில் விடு. முதல் தடவை கொஞ்சமாக வரும். அவசரப்படாதே, உட்கார்ந்துகொள், திரும்பச் செய். மூடியை இறுக்கு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

இதை இத்தனை நாளாக ஜன்னல் வழியாக இரண்டே வார்த்தையில் கத்திக்கொண்டிருந்தேன். 'சளி கொடு' என்று.

சூப்பர்வைசர் வேலை போகலாம். கட்டில் போகலாம். போகாது என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இது மாத்திரையில் தீருகிற நோய். மாத்திரை ஆரம்பிக்காவிட்டால், இனிமேல் குறைகிற ஒவ்வொரு அரை அங்குலமும் சட்டையிலிருந்து போகாது, உன்னிடமிருந்து போகும்.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. அதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மேல் கட்டில்காரியும் இருமினாள் என்று நீதான் எழுதியிருக்கிறாய்.

தம்பி


மே 12

தம்பிக்கு,

எனக்கு உடம்பு நல்லா இல்லை. நீ எப்படி இருக்கே?

இந்த ஒரு வரியை எழுத எனக்கு நாலு மாசம் ஆயிருக்கு. எழுதிப் பார்த்தா சின்ன வரிதான்.

ஆமாம், எச்சில்தான் கொடுத்தேன். உன் பிப்ரவரிக் கடுதாசியை நாலா மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டுத்தான் போனேன். லேப்ல இருந்த ஆள் கப்பைப் பார்க்கக்கூட இல்லை. நீ எழுதின மாதிரியேதான். அன்னிக்கு எனக்கு உன் மேல பெருமையாக்கூட இருந்துது, என் தம்பி சொன்னா சரியா இருக்கும்னு. உன் மேல பழி போடலை. நீ பூட்டைப் பத்திச் சொன்னே. திறந்தது நான்.

ஏப்ரல் கடுதாசியைப் படிச்சுட்டு உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், மூணு தடவை. மூணு தடவையும் "நான் நல்லா இருக்கேன்"னுதான் கை எழுதுது. கிழிச்சுப் போட்டுட்டேன்.

மே ஒண்ணாம் தேதிக் கடுதாசியில கடைசிப் பத்தி படிச்சப்ப அவ மேல் கட்டில்ல உட்கார்ந்து காலை ஆட்டிக்கிட்டிருந்தா. "என்னக்கா, தம்பி என்ன எழுதியிருக்காரு, திரும்பவும் சளியா?"ன்னா. "உனக்கு எத்தனை நாளாடி இருமல்?"னு கேட்டேன். "உங்களுக்குக் கம்பெனி கொடுக்கறேன்க்கா, ஒரு மாசம் இருக்கும்"னு சிரிச்சா. எனக்குப் பாதிப் படியில நின்ன மாதிரி ஆயிடுச்சு.

மறுநாள் காலையில ரெண்டு பேருமே போனோம். கிளினிக்குக்குப் பின்னாடி தண்ணித் தொட்டி இருக்கு, அங்க யாரும் வர்றதில்லை. முதல்ல நான் தனியா போனேன். உன் கடுதாசியைத் தொட்டி மேல விரிச்சு, பறக்காம இருக்க ஒரு கல்லை வெச்சேன். ரெண்டு மூச்சு சும்மா. மூணாவது மூச்சுல இருமினேன் பாரு, எனக்கே தெரியாது இவ்வளவு நாளா எதையெல்லாம் உள்ள அடக்கி வெச்சிருந்தேன்னு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அது இருமினதால வந்ததுதான், நீ வேற எதுவும் நினைச்சுக்காதே.

அப்புறம் அவ. அவ தொட்டிக்குப் போயிட்டு அரை நிமிஷத்துல வந்துட்டா. கப்புல பார்த்தா நுரை. "அக்கா, இதுல ஒண்ணும் வராதுல்ல? வந்தா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க"ன்னா. நான் சொல்லிக் கொடுக்காமலே அவளுக்கு அது தெரிஞ்சிருக்கு. பயந்தா எல்லாருக்கும் தெரிஞ்சுடும் போல. "போடி, திரும்பப் போ. நானும் அப்படித்தான் ஏமாத்தினேன். அதனாலதான் நீ இன்னிக்கு இங்க நிக்கறே"ன்னு சொல்லிட்டேன். அப்புறம் கப்பைக் கொட்டக் கூடாதுன்னு நான் சொன்னதும், அதை மூடி வெச்சுட்டு, வேற கப் வாங்கிட்டுப் போனா. தள்ளி நின்னு நான் எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு.

லேப் ஆள் இந்தத் தடவை கப்பை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தார். "இப்படித்தான் கொடுக்கணும். யாரும்மா சொல்லிக் கொடுத்தது?"ன்னார். "என் தம்பி. கோபக்காரன், ஆனா வேலை தெரிஞ்சவன்"னேன்.

எனக்குப் பாசிட்டிவ். அவளுக்கும்தான், ஆனா நிறைய இல்லை, ஒண்ணு ரெண்டு குச்சிதான்னு சொன்னாங்க. ரெண்டு பேருக்கும் மாத்திரை ஆரம்பிச்சாச்சு. ரூம்ல இருந்த மத்த ரெண்டு பேரையும் கூப்பிட்டுச் சோதிச்சிருக்காங்க, அவங்களுக்கு ஒண்ணுமில்லை.

வார்டன்கிட்ட நானே போய்ச் சொன்னேன். பிப்ரவரிச் சீட்டைப் பத்தியும் சொன்னேன். பெட்டியைக் கட்டச் சொன்னாங்க. கட்டினேன். இப்ப கிளினிக் நர்ஸ் ஏற்பாடு பண்ணின ரூம்ல நானும் அவளும் இருக்கோம். ரெண்டு ஜன்னல் இருக்கு, ரெண்டையும் திறந்தே வெச்சிருக்கோம். கம்பெனியில ரெண்டு மாசம் கழிச்சு டாக்டர் சீட்டோட வா, பார்க்கலாம்னாங்க. சூப்பர்வைசராவா, காலர் தைக்கவான்னு சொல்லலை. நானும் கேக்கலை.

அவ என்கிட்ட ரெண்டு நாள் பேசலை. நேத்து என் மாத்திரையைக் கையில வெச்சுக்கிட்டு, "முதல்ல நீங்க முழுங்குங்க, நான் பார்க்கணும். உங்களை நம்ப முடியாது"ன்னா. முழுங்கினேன். வாயைத் திறந்து காட்டச் சொன்னா. காட்டினேன்.

உடம்பைப் பார்த்துக்கோ தம்பி. வரும்போது திட்டறதா இருந்தா ரயில்லயே திட்டி முடிச்சுட்டு வா.

அக்கா


மே 15

அக்காவுக்கு,

நான் நலமில்லை. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, எதிர் வீட்டு டப்பாவை இன்றைக்கு அப்படியே திருப்பிக் கொடுத்தேன். உன் கடிதம் வந்த பிறகு பசிக்கிறது.

உன் முதல் வரியைப் பலமுறை படித்தேன். நீ எனக்கு எழுதியதிலேயே நல்ல கடிதம் அதுதான்.

அந்தப் பெண்ணிடம் நான் நேரில் பேச வேண்டும். என்ன சொல்வது என்று தெரியவில்லை. உன்னிடம் வாயைத் திறந்து காட்டச் சொன்னது சரியான முறை, அதை ஆறு மாதமும் விடக் கூடாது என்று மட்டும் இப்போதைக்குச் சொல்.

டீச்சர் திங்கட்கிழமை வந்தார். கப்பை வாங்கிக்கொண்டு, "நீங்க காட்ட வேண்டாம்" என்று பின்னால் போனார். நல்ல சளி. நான் ஜன்னலில் நிற்காமல் வெளியே வந்து கையில் வாங்கிக்கொண்டேன்.

நாளை ரயில். திட்டுவதற்கு என்னிடம் எதுவும் மிச்சமில்லை. தையல் பிரிக்கிற சின்னக் கத்தரி ஒன்று வாங்கியிருக்கிறேன். உன் சட்டைகளை யாருக்கும் கொடுத்துவிடாதே. பக்கத்துக்கு மொத்தம் ஒன்றரை அங்குலம் பிடித்திருக்கிறாய். மாத்திரை ஆறு மாதம். மாதத்துக்குக் கால் அங்குலம் பிரித்தால் போதும், சரியாக வருகிறது.

தம்பி